சனிக்கிழமைக் கட்டை

"வந்துட்டாருங்க உங்க ட்ரையல் மன்னன்! இந்த வாரமும் கட்டையோட!"

கடைக்காரனின் மனைவி பல்லைக் கடித்தாள். கணவனோ காதில் விழாத மாதிரி வாசலுக்கு ஓடினான்.

வீட்டிலேயே மரத்தைப் பலகையாக அறுத்துக்கொள்ள உதவும் சின்ன மிஷின்களை விற்கிற கடை அது. இருந்த வேலையை விட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் இதில் இறங்கியிருந்தார்கள். ஆரம்பத்தில் ஈ ஓட்டினார்கள். இப்போதுதான் ஒன்றிரண்டு மிஷின் நகர ஆரம்பித்திருக்கிறது. மழைக்காலத்துக்குள் கடை காலூன்றாவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு மறுபடி வேலை தேட வேண்டியதுதான்.

இந்த லட்சணத்தில் இவர் வேறு! சனிக்கிழமை ஆனால் போதும், சின்ன வேனில் ஒரு கட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். "வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை அறுத்துப் பார்த்துடறேனே தம்பி" என்பார். அறுத்து முடித்ததும், "யோசிச்சுச் சொல்றேன்" என்று பலகைகளை அள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவார். தேய்வது இவர்கள் பிளேடு, பலகை அவருக்கு!

"தம்பி, இது எத்தனை அகலக் கட்டை வரைக்கும் வாங்கும்?" தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டார்.

"ரெண்டடி வரைக்கும் போகும் ஐயா."

"நான் ஒண்டி ஆளு. தனியாத் தள்ள முடியுமா?"

"தாராளமா. தண்டவாளத்து மேலதானே ஓடுது? மெதுவாத் தள்ளினாலே நகரும்."

"பிளேடு மழுங்கிட்டா? மெக்கானிக்கைத் தேடி நான் எங்க அலையறது?"

"அலையவே வேண்டாம். நீங்களே கழட்டி மாட்டிக்கலாம்."

"சரி, வீட்டு வேலைக்கு மோட்டார் வச்சது போதுமா, பெட்ரோல் இன்ஜினா?"

"போன வாரமும் இதையேதான் கேட்டாரு, அதுக்கு முந்தின வாரமும் இதேதான். மறதியா, இல்லை நடிப்பா?" என்று முணுமுணுத்தாள் அவள்.

வேனிலிருந்து இறங்கிய கட்டை கோணல்மாணலாக, கறுத்துப்போய், உடம்பெல்லாம் முண்டும் முடிச்சுமாக இருந்தது. இது அடுப்புக்குத்தான் லாயக்கு என்று அவள் நினைத்தாள்.

மிஷின் உறுமியது. சத்தம் கேட்டு எதிர்க்கடை முடிதிருத்துபவர் கத்தரியும் கையுமாக வந்து நின்றார். நாற்காலியில் பாதி முடியோடு உட்கார்ந்திருந்தவரும் கழுத்தில் கட்டிய துணியோடு பின்னாலேயே வந்துவிட்டார். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்றார்கள்.

மேல்பட்டை விழுந்தது. மிஷினை நிறுத்திவிட்டு, அறுபட்ட அடுத்த பலகையைக் கணவன் மெல்லத் தூக்கிக் காட்டினான்.

கூட்டம் முண்டியடித்துக்கொண்டு கிட்டே வந்தது.

உள்ளே தேன் நிறத்தில் வைரம் பாய்ந்த மரம். அதன் நடுவே கறுப்பு ரேகைகள் குளத்து அலை மாதிரி ஓடின. முடிச்சு இருந்த இடத்தில் ஒன்றையொன்று சுற்றிச் சுழன்றன, மறுபடி பிரிந்து கடைசிவரை போயின.

"அடேங்கப்பா! இதுக்குள்ளயா இது இருந்தது?" என்றார் முடிதிருத்துபவர்.

பாதி முடிக்காரர் ஒரு விரலால் பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தப்பு செய்தவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார்.

அவளும் எப்போது படியிறங்கி வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மரம் நின்ற காலமெல்லாம் யாருமே பார்க்காததை இந்த நிமிஷம் நாம்தான் முதலில் பார்க்கிறோம்! நினைக்கும்போதே உடம்பு சிலிர்த்தது. கண்கூடக் கலங்கிவிட்டது.

"பிரமாதம் தம்பி! யோசிச்சுச் சொல்றேன்."

அவ்வளவுதான், சிலிர்ப்பெல்லாம் பறந்துவிட்டது. பாதி முடிக்காரர் கணவனைப் பிடித்துக்கொண்டு, "இதுல சின்னது எது? என்ன விலை?" என்று துளைத்துக்கொண்டிருந்தார். அவள் பார்வை முழுக்க, பலகையோடு போகிற வேன் மேலேயே இருந்தது.

"மனுஷனுக்கு வெட்கம் மானம் வேண்டாமா?"

"பெரியவர், விடேன்" என்றான் கணவன்.

"நீங்க ஒரு இளிச்சவாய்! நாளைக்கு நானே அவர் வீட்டுக்குப் போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

மறுநாள் காலையில் விசாரித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். அவருடைய மனைவி திறந்தார்.

"ஐயா இருக்காரா? மரம் அறுக்கற மிஷின் விஷயமாப் பேசணும்."

"வெளியே போயிருக்காரே. அதனால என்ன, நீ வாம்மா, நான் காட்டறேன். வாங்கற எண்ணம் இருக்கறவங்க இங்க வந்து பார்த்துட்டுப் போறது வழக்கம்தான்."

எதைக் காட்டப்போகிறார் என்று புரியாமலே பின்னால் நடந்தாள்.

கொல்லையில் ஒரு கொட்டகை. தரையெல்லாம் மரத்தூள். நடுவில், பெயின்ட் உதிர்ந்து, ஓடி ஓடித் தண்டவாளம் பளபளத்துப்போன ஓர் அறுவை மிஷின் நின்றது. அவள் கடையில் இருப்பதைவிடப் பெரியது.



"இது... யாரோடதும்மா?"

"எங்களுதுதான். எங்க பொண்ணு பள்ளிக்கூடம் போறப்ப வாங்கினது. இன்னிக்கும் ஒரு மக்கர் பண்றதில்லை."

"அப்ப ஐயா... புதுசா ஒண்ணு வாங்கப் போறதில்லையா?"

"நல்லா கேட்டே போ! இதுவே எங்க பேரன் காலத்துக்கும் வரும். நீ வாங்கறதா இருந்தா மெயின் ரோட்டுல புதுசா கடை போட்டிருக்காங்களே, அங்க வாங்கும்மா. பாவம், சின்னஞ்சிறுசுங்க. கடை காத்து வாங்குதுன்னு இவருக்கு மனசு கேட்கலை. 'மிஷினைப் பார்க்க எவன் நிப்பான்? மரத்தைப் பிளந்து காட்டினா தெருவே நிக்கும்'னு, ஆசை ஆசையாச் சேர்த்து வச்ச கட்டையை எல்லாம் வாரா வாரம் அங்க கொண்டு போயிடறாரு. இப்பகூட அடுத்த சனிக்கிழமைக்கு இன்னும் அழகா ஒண்ணு கிடைக்குமான்னு தேடத்தான் போயிருக்காரு!"