கன்னாபினால்

"கன்னாபினால்!" என்று மேஜையைத் தட்டினார் சூப்பர்வைசர் சுப்பராயன். காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய பெயர்.

ஒரகடம் தொழிற்சாலையின் விசாரணை அறையில் எதிரே நின்றவன் டில்லிபாபு. சங்கம் ஆரம்பிக்கக் கையெழுத்து வாங்கியவன். அவன் லாக்கரில் கஞ்சாப் பொட்டலத்தைக் கண்டுபிடித்தது சுப்பராயன். லேபுக்கு அனுப்பியே தீரணும் என்று குதித்ததும் அவரேதான்.

"அப்டின்னா இன்னா சார்?" என்றான் டில்லிபாபு.

"கஞ்சாவுல இருக்கிற விஷம்டா! லேபே எழுதிக் குடுத்தாச்சு. மூட்டையக் கட்டிகினு வூடு போய்ச் சேரு!"

சாட்சி சொல்ல வந்திருந்த லேப் கெமிஸ்ட் ஷெர்லின் எரிச்சலோடு குறுக்கிட்டாள்.

"முழுசாப் படிங்க சார். புதுக் கஞ்சாவுல இது பேருக்குத்தான் இருக்கும். வருஷக்கணக்கா வெச்சிருந்தாத்தான் போதை தர்ற சமாச்சாரம் கெட்டுப்போய் இதுவா மாறும். இந்தப் பொட்டலத்துல பெரும்பாலும் இதுதான். எப்படியும் நாலு வருஷப் பழசு."

"பழசோ புதுசோ, கஞ்சா கஞ்சாதானேம்மா!"

விசாரணை நடத்திய மேனேஜர் லேப் ரிப்போர்ட்டிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினார்.

"நாலு வருஷம் முன்னாடி, எண்பத்தேழுல, கேன்டீன் ஆபிரகாம்கிட்ட ஒன்பது பொட்டலம் பிடிச்சு, அவனை வேலையை விட்டு அனுப்பினோம். ஒன்பதையும் எரிச்சாச்சுன்னு ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

சுப்பராயனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் போட்டிருந்தார்.

டில்லிபாபு மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தான்.

"மீதி எட்டும் யார் யாருக்கு சார் வெச்சிகினு கீறீங்க?"