மாலுமி வீடு

"ஆத்துக்கு அக்கரையிலிருந்தா வர்றீங்க? படகு ஏறினா அரை மணி நேரம்! சாயந்திரம் வந்து மத்தி மீன் தின்னுட்டு, ராத்திரியே வீட்டுக்குப் போயிடலாமே ஐயா. இதுக்குப் போய் யாராவது மூணு நாளைக்கு வாடகைக்கு வீடு எடுப்பாங்களா?"

சாவியை விரலில் சுழற்றியபடி சிரித்தான் டெல்மோ. லிஸ்பனின் பழைய தெருக்களில், சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடுகளைக் கவனித்துக்கொள்பவன் அவன். இந்த வருடம் அந்தோணியார் திருநாள் வெள்ளிக்கிழமையில் விழுந்ததால் சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை. தெருவெங்கும் காகிதத் தோரணம், மீன் சுடும் புகை. ஊரே ஆடிப் பாடுகிறது என்றுதான் பெயர். ஆடுகிறவர்களில் பாதிப்பேர் கையில் பெட்டியோடு வந்தவர்கள். தலை சாய்க்க ஒரு மூலை கிடைத்தாலே யானை விலை.

"எடுத்தாச்சே தம்பி" என்றார் ஆர்மிந்தோ. அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு கையில் பெட்டி, மறு கையில் மனைவி கிராசியேட்டின் விரல்கள். அவள் கூட்டத்தை மிரள மிரளப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுலதான் ஒரு சின்னச் சிக்கல். டென்மார்க்லேருந்து ஆறு பேர் வந்து நிக்கிறாங்க. இந்த வீடுதான் வேணுமாம். உங்களுக்கு அடுத்த தெருவுல பெரிய வீடாத் தர்றேன். அதே வாடகைதான். லிஃப்ட் இருக்கு. பால்கனியில நின்னா ஆறு தெரியும்."

"வேண்டாம். இந்த வீடுதான்."

"அம்மாவால மூணு மாடி ஏற முடியுமா?"

"ஏறுவா."

"அப்படி என்னதான் ஐயா இருக்கு இந்த வீட்டுல?"

ஆர்மிந்தோ மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இவ சிரிச்சு ரொம்ப நாளாச்சு தம்பி. டாக்டரும் கையை விரிச்சுட்டார். கம்ப்யூட்டர்ல இந்த வீட்டுப் படத்தைப் பார்த்ததும், இங்க கூட்டிட்டு வந்தா ஒரு தடவையாவது சிரிப்பான்னு எனக்குத் தோணிச்சு. வேற வீட்டை வச்சு நான் என்ன பண்ண?"

கிழவருக்கு இந்த வயதில் காதல் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டான் டெல்மோ. போனை எடுத்து, "பெரியவர் பிடிச்ச பிடியை விட மாட்டேங்கிறார். அவங்களை வேற இடத்துக்கு அனுப்பு" என்று யாரிடமோ சலித்துக்கொண்டான்.

படி ஏறும்போது, "வந்துடுச்சு, இதோ வந்துடுச்சு" என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே வந்தார் ஆர்மிந்தோ.

கூடத்து ஜன்னலில், திருநாளுக்காக ஒரு சின்னத் தொட்டியில் திருநீற்றுப்பச்சிலைச் செடி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு காகிதப் பூ. கிராசியேட் நேராக அதனிடம் போனாள். உள்ளங்கையால் இலைகளை மெல்லத் தடவி, கையை முகர்ந்தாள்.

"அட, அம்மாவுக்கு முறை தெரியுதே! வெளியூர்க்காரங்க எல்லாம் மூக்கை நுழைச்சுச் செடியையே வாட வச்சுடறாங்க."

"கை மறக்கலை" என்று ஆர்மிந்தோ தனக்குள் முணுமுணுத்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

டெல்மோ அவர்களைச் சமையலறைக்கு அழைத்துப் போனான்.

"இதுக்குப் பேரே மாலுமி வீடு. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மாலுமி இருந்த வீடு. இந்த நீல டைல்ஸைப் பாருங்க. நடுவுல ஒண்ணு மட்டும் தலைகீழா இருக்குல்ல? புருஷன் கடலுக்குப் போனா, உயிரோட திரும்பணும்னு வேண்டிக்கிட்டு பொண்டாட்டி ஒரு டைலைத் திருப்பி ஒட்டுவாளாம். பாவம், அவன் வரவே இல்ல. போன வாரம் ஒரு ஜெர்மன்காரம்மா இதைக் கேட்டு அழுதுட்டாங்க."

"யார் சொன்னாங்க இந்தக் கதையை?" ஆர்மிந்தோவின் குரல் மாறியிருந்தது.

"யாராவது சொல்லணுமா என்ன? நானே விட்டதுதான்!" டெல்மோ கண்ணடித்தான். "முதலாளி இதையும் பேத்தெடுக்கச் சொன்னார். நான்தான் தடுத்தேன். இங்க இருந்த மத்த குப்பையெல்லாம் அள்ளி வெளிய போட்டாச்சு. தேறினது இது ஒண்ணுதான்."

அறைய ஓங்கப் பார்த்த ஆர்மிந்தோவின் கை, மனைவியின் விரல்களைத்தான் இறுக்கியது.

"நல்ல கதை தம்பி. நீங்க கிளம்புங்க."

கதவு சாத்தும் ஓசை கேட்கும்வரை அவர் அசையவில்லை. பிறகு கிராசியேட்டின் கையை எடுத்து அந்தத் தலைகீழ் டைலின் மேல் வைத்தார்.

"பாரு கிராசியேட். நல்லாப் பாரு."

அவள் பார்த்தாள். டைலில் தலைகீழாக இருந்த நீலப் பூவின் காம்பை விரலால் தொட்டாள். உதடு கோணியது. திடீரென்று சிரித்தாள், தோள் குலுங்க, வாய்விட்டு, பழைய சிரிப்பு.

"எந்த மடையன் ஒட்டினான் இதை?"

ஆர்மிந்தோவுக்குக் கண்ணீர் முட்டியது. கல்யாணமான மறுமாதம் அவரே ஒட்டிய டைல் அது. சொந்த மகளைக் குடிவைக்கப்போவதாகப் பொய் சொல்லி வீட்டு முதலாளி அவர்களை இந்த வீட்டைவிட்டுக் காலி செய்ய வைத்தாரே, அந்த நாள்வரை தினமும் காபி போடும்போது இதே வார்த்தையால்தான் அவரைத் திட்டினாள் அவள்.

"ஞாபகம் வந்துடுச்சா? எல்லாம் ஞாபகம் வந்துடுச்சா உனக்கு?"

கிராசியேட் தன் கையை அவர் பிடியிலிருந்து பக்குவமாக விடுவித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு தலைகீழா இருக்குங்க ஐயா, என் வீட்டுக்காரர் ஒட்டினது" என்றாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இருட்டறதுக்குள்ள என்னை அவர்கிட்ட கொண்டுபோய் விட்டுடுங்க."