கடைசி ஆள் சமைக்கணும்

"டேய், எனக்குக் கால் இழுக்குதுடா! நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்" என்று எலக்ட்ரீஷியன் சைக்கிளைச் சாலையோரம் சாய்த்துவிட்டுப் புல்லில் மல்லாந்தார்.

மலைப்பாதை ஏற்றம் பாதிகூட முடியவில்லை. அவரைப் பார்த்ததும் கணக்கு வாத்தியார் தன் டயரை அமுக்கிப் பார்த்து, "எனக்கும் காத்து கம்மியாத்தான் இருக்கு" என்று பம்ப்பைத் தேட ஆரம்பித்தார். பல் டாக்டருக்கு அவசரத்துக்கு ஒரு நோயும் தோன்றவில்லை. "நான் கொஞ்சம் இயற்கையை ரசிக்கணும்" என்று சொல்லி ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டார்.

நான்காவது ஆள் அப்போதுதான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். ரப்பர் ஸ்டாம்ப் கடைக்காரர். பள்ளிக்கூட நாளிலேயே நண்பர்கள் வைத்த பெயர் நிதானம். தும்மல் வந்தால்கூட யோசித்துத்தான் தும்முவார்.

"என்னடா, மூணு பேரும் உக்காந்துட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல மாப்ள. நீ முன்னாடி போ" என்றார் டாக்டர்.

"உங்கள இப்படி விட்டுட்டு நான் மட்டும் போறதா? நல்லா இருக்கே கதை!"

நிதானம் சைக்கிளை நிறுத்தினார். எலக்ட்ரீஷியனின் காலை மடியில் போட்டுக்கொண்டு நீவிவிட்டார். அவர் நீவிய நீவலில், இழுக்காத கால் நிஜமாகவே இழுத்துக்கொண்டது.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். இவனை எப்படித்தான் முதலில் அனுப்புவது?

சங்கதி இதுதான். மலை உச்சி விடுதிக்குக் கடைசியாக வந்து சேருகிறவர்தான் அங்கே தங்கும் இரண்டு நாளும் எல்லாருக்கும் சமைக்க வேண்டும். போன பயணத்தில் இப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தவர் வாத்தியார். வழக்கம்போல நிதானம்தான் கடைசி. அன்று அவர் வைத்த சூப்பைக் குடித்துவிட்டு டாக்டருக்கு நாக்கே மரத்துப்போனது. பல் பிடுங்க வருகிறவர்களுக்கு ஊசிக்குப் பதில் இதையே ஒரு வாய் கொடுத்தால் என்ன என்றுகூட யோசித்தார். சோறு அடியில் கரி, மேலே அரிசி. அதைத் தின்றுவிட்டு வாத்தியார் கழிவறைக்கு நடந்த நடையைக் கூட்டினால் ஊருக்கே நடந்து போய்ச் சேர்ந்திருக்கலாம்.

நேராகச் சொல்லித் தொலைத்திருக்கலாம்தான். ஆனால் கரண்டியும் கையுமாக நின்று, "எப்படிடா இருக்கு?" என்று அந்த மனுஷன் ஆசையாகக் கேட்டபோது மூன்று பேரும் போட்டி போட்டுக்கொண்டு "பிரமாதம்!" என்று சொல்லிவிட்டார்கள். இப்போது எந்த முகத்தோடு மாற்றிச் சொல்வது? அதனால் இந்த முறை யார் கடைசியாக வந்தாலும் சரி, நிதானம் மட்டும் கடைசியாக வரக்கூடாது என்று மூவரும் ரகசியமாகப் பேசி வைத்திருந்தார்கள்.

"மாப்ள, ஒரு உதவி பண்ணு" என்றார் டாக்டர், யோசனை உதித்தவராக. "விடுதி வாட்ச்மேன் சீக்கிரமே பூட்டிட்டுக் கிளம்பிடுவார். நீ போய்ச் சாவிய வாங்கி வெச்சுடு. இல்லேன்னா ரோட்லதான் படுக்கணும்."

"அட, இத முதல்லயே சொல்ல வேண்டியதுதானே!"

நிதானம் கிளம்பி வளைவில் மறைந்ததும் மூவரும் பெருமூச்சு விட்டார்கள். அதன் பிறகு நடந்ததைப் பந்தயம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு அன்னநடை போட்டார்கள். ஒரு ஆட்டு மந்தைகூட அவர்களை முந்திக்கொண்டு போனது. டாக்டருக்கு அதில் பரம திருப்தி.

விடுதி வாசலில் சாவியை ஆட்டிக்கொண்டு நிதானம் குதித்தார். "நான்தான்டா ஃபர்ஸ்ட்டு! வாழ்க்கையில முதல் தடவ!"

அவர் முகத்தைப் பார்த்து டாக்டருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது.

"இந்த சந்தோஷத்துல ஒண்ணு சொல்றேன், கேளுங்க" என்றார் நிதானம். "விதியாவது ஒண்ணாவது! நீங்கதான் ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்களே. இந்தத் தடவையும் நானே சமைச்சுடறேன்!"

"ஐயையோ!" என்று மூன்று குரல்கள் ஒன்றாக எழுந்தன.

"ஜெயிச்சவன் சமைக்கிறதாவது! ஊரு சிரிக்கும்" என்றார் வாத்தியார்.

"இன்னிக்கும் நாளைக்கும் நாங்க பாத்துக்கறோம்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"சரி, பாத்திரமாவது கழுவறேன்டா..."

"அடுப்படிப் பக்கம் நீ காலே வைக்கக் கூடாது. எங்க மேல சத்தியம்!" என்று டாக்டர் அவரைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய், பின்பக்க வராந்தாவில் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வந்தார்.

சமையலறையில் எலக்ட்ரீஷியன் வெங்காயம் நறுக்கிக் கண்ணீர் விட்டார். ஒரு டம்ளர் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று கணக்கு வாத்தியாருக்கே கணக்குத் தெரியவில்லை. பழைய அடுப்பைப் பற்றவைக்கத் தீப்பெட்டி எங்கே என்று கேட்க டாக்டர் வராந்தாவுக்குப் போனார்.

நிதானம் காலை நீட்டிப் படுத்தபடி மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"முதல்ல வந்துட்டேன்மா... ஏறினது ஒண்ணும் கஷ்டம் இல்ல, இவனுங்க என்னை முன்னாடி போகச் சொல்ற வரைக்கும் மூச்சு வாங்குற மாதிரி நடிச்சதுதான் கஷ்டம்... ஆமா, பாத்திரம்கூட அவனுங்களே கழுவுறாங்க... பின்ன, கல்யாணம் ஆன நாள்லேருந்து வீட்டுல மூணு வேளையும் நான்தானே சமைக்கிறேன், இங்கயாவது ரெண்டு நாள் உக்காந்து சாப்பிட வேணாமா? அதுக்குத்தானே போன தடவ மனசக் கல்லாக்கிக்கிட்டு, அவ்வளவு நல்லா வந்த சூப்புல அத்தன உப்ப அள்ளிக் கொட்டினேன்!"