ஒரு நூல் அளவு

சோதனைக் குழிக்குள் நிறுத்திய அளவுகோலையே பார்த்துக்கொண்டு இன்ஜினியர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

நாற்பது நிமிடம். தண்ணீர் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

கார்த்திகை மாதக் கரிசல். செருப்பைப் பிடித்தால் விடாத மண்.

சித்திரையில் இதே இடத்தில், இதே அளவுக் குழியில், பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாத் தண்ணீரும் போய்விட்டது. அப்போது மண் வெயிலில் வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கை நுழையும்.

முதல் நாளே தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். அது அவனுக்குத் தெரியும். அன்றைக்கு அவசரம். படிவத்தில் 'ஊறவைக்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டான். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை வைத்தே, கல்யாண மண்டபத்தின் கழிவுநீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழிக்குச் சின்னதாக நீள அகலம் போட்டான்.

ஐப்பசி மழையில் அந்தக் குழி தண்ணீர் குடிக்கவில்லை. செப்டிக் டேங்க் நிரம்பிச் சமையற்கட்டு வரை வழிந்தது. மறுநாள் முகூர்த்தம். அடைப்பு எடுக்கும் சுடலைமுத்துவைக் கூப்பிட்டு டேங்குக்குள் இறக்கினார்கள்.

பிணமாகத்தான் மேலே வந்தான்.

முகூர்த்தம் நடந்தது. பந்தியும் நடந்தது.

உறிஞ்சுகுழியில் குறை ஒன்றுமில்லை, சுடலைமுத்துதான் குடித்துவிட்டுத் தானாக இறங்கினான் என்று மண்டபக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்காகத்தான் இன்று மறுசோதனை. விசாரணை அதிகாரி காரில் இருந்தார். மடியில் பழைய படிவம். மழைக்கால மண் இப்படித்தான் இருக்கும், படிவம் சரியாக இருப்பதால் உங்களுக்கு ஒன்றும் வராது என்று காலையிலேயே இன்ஜினியரிடம் சொல்லிவிட்டார்.

நேற்று மாலையிலிருந்து மண்ணை ஊறவைக்கக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தது மாடத்தி. சுடலைமுத்துவின் மனைவி. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

தண்ணீர் இறங்கிவிட்டால் தன் புருஷனுக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அடைத்த தண்ணீரை இறங்கவைப்பதுதானே அவன் தொழில். இறங்கினால் மண்டபக்காரர் சொன்னது உண்மையாகிவிடும், பழி செத்தவன் தலையில் விழும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்ஜினியரும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"இன்னொரு கொடம் ஊத்தட்டுமா சார்? எறங்கிரும்ல?"

அவன் எழுந்தான். கால் மரத்துப்போயிருந்தது. காரைப் பார்த்து, அவளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"சித்திரையில நான் ஊறவைக்கல சார். அந்த டிக் பொய்."

மாடத்தி இடுப்பிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள்.