படத்தின் கீழே பெயர் இல்லை

“மேடம், உங்க வீட்டு இறப்பு நினைவு அட்டையோட முன்பக்கத்தை இணையத்துல பார்த்தோம். அந்த சைக்கிள் பந்தயப் படம் எங்களோடது. அனுமதியில்லாம போட்டிருக்கீங்க” என்றான் கென்ட் நகரப் புகைப்பட நிறுவனத்தின் பிராம், தொலைபேசியில்.

“முந்நூறு அட்டை அச்சாயிடுச்சு தம்பி. நாளைக்கு சர்ச்சுல அடக்கப் பூசைக்கு வர்றவங்களுக்குக் கொடுக்கணும்” என்றாள் கொடலீவ்.

“கொடுத்தா வக்கீல் நோட்டீஸ் வரும். சைக்கிள்ல இருக்கிறது உங்க வீட்டுக்காரராவே இருக்கட்டும். உரிமை அவருக்கு இல்லையே!”

“தெரியும். அவரே சொல்லியிருக்கார்.”

“தெரிஞ்சுமா? மழையில நனைஞ்சு படம் எடுத்தவன் பேரைக்கூடக் கீழே போடலையே, அவனும் மனுஷன்தானே?”

கொடலீவ் ஓர் அட்டையைத் திருப்பினாள்.

“படம் எடுத்தவர் பேரு பின்பக்கம் இருக்கு தம்பி. பிறந்த தேதி, இறந்த தேதியோட.”