இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு

"இன்னைக்கு ஒரு பயலும் வாயைத் திறக்க மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு" என்றார் மேனேஜர் தோகுமாரு.

நவோரிக்கு நம்பிக்கை வரவில்லை. கவாகுச்சி ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பெரிய கடையின் மொட்டைமாடியில், மேடைக்குப் பின்னால் போட்டிருந்த கூடாரத்தில் மைக்கைப் பிடித்தபடி நின்றிருந்தாள். வயது பதினெட்டு. அவளுடைய மூன்றாவது ஆல்பம் அன்று காலைதான் விற்பனைக்கு வந்திருந்தது.

"என் கடுதாசியை ஹிராகா கிட்ட குடுத்தீங்கதானே சார்?"

"குடுக்காம? அதுல நான் என்ன மீனா பொட்டலம் கட்டப் போறேன்?"

ஹிராகா, கம்பெனி அவளுக்குச் சேர்த்துவிட்ட ரசிகர் படைக்குத் தலைவன். படையில் நாற்பது கல்லூரிப் பையன்கள். எல்லோருக்கும் பீச் பழ நிற மேலங்கி, அதே நிறத்தில் தலைக்கட்டு. இரண்டு வருஷமாக அவள் எங்கே பாடினாலும் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டு, வரிக்கு வரி 'நவோரி! நவோரி!' என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். அந்தக் கத்தலில்தான் அவள் பிழைப்பு ஓடியது. அதே கத்தலில் அவள் குரல் ஒரு நாளும் யார் காதிலும் விழுந்ததில்லை, அவள் காதிலும் கூட.

முதல் இரண்டு ஆல்பங்களும் கன்னக்குழிக்காகவே விற்றவை. இந்த மூன்றாவது இசைத்தட்டில், இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் வேறு. கணவாய் மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவைப் பற்றி அவளே எழுதிய மெதுவான பாட்டு. மூன்று மாதம் அழுது அடம்பிடித்துச் சேர்க்க வைத்தாள்.

கம்பெனி சும்மா சம்மதிக்கவில்லை. இன்றைக்குப் பையன்கள் அதை உட்கார்ந்து கேட்டால் அடுத்த மாதம் தனி இசைத்தட்டாக வரும். அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் ஒப்பந்தம் நீளாது. சொந்த ஊரான ஹச்சினோஹேவுக்கு ரயிலேறி அம்மாவோடு கணவாய் காயப்போட வேண்டியதுதான்.

கூடாரத்து மூலையில் ரூரி சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தாள். கம்பெனிக்குப் புதிதாக வந்த பதினைந்து வயதுப் பெண். அடுத்த நிகழ்ச்சி அவளுடையது. மேடையில் எப்படிக் குனிந்து வணங்க வேண்டும் என்று நவோரிதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

"அக்கா, பயமா இருக்கா?"

"முதல் வரியே மறந்துடும் போல இருக்குடி."

"உங்களுக்கேவா? அப்போ நான் செத்தேன்!"

"பேச்சு போதும். ஒரே பாட்டு, பத்து நிமிஷம். இழுக்காதே" என்று நவோரியை மேடைக்குத் தள்ளிவிட்டார் மேனேஜர்.

ஏறியதும் அவள் கண் முன்வரிசைக்குத்தான் போனது. நாற்பது பேரும் வந்திருந்தார்கள், நடுவில் ஹிராகா. பீச் நிறம் போய், அத்தனை பேரும் புத்தம்புது மஞ்சள் மேலங்கியில் இருந்தார்கள். ஆல்பத்தின் அட்டையில் அவள் மஞ்சள் கடுகுப்பூக்களுக்கு நடுவே நிற்பாள். அதற்காகக் கைக்காசைப் போட்டுத் தைத்திருக்கிறான்களே பாவிகள் என்று உருகிப்போனாள்.

குனிந்து வணங்கினாள். வழக்கமாக அந்த நொடியில் மாடியே அதிரும். இன்றைக்கு மாடியின் மறுகோடியில் குழந்தைகள் ராட்டினத்தில் போட்ட கூச்சல்தான் கேட்டது.

பாடினாள். முதல் வரியிலேயே தன் குரல் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டாள். பையன்கள் கைகளை முட்டிமேல் வைத்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி அசையாமல் இருந்தார்கள். ஓரத்தில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். அழுகிறான் என்று நினைத்ததும் அவளுக்கும் அழுகை முட்டியது. கடைசி வரியை எப்படியோ பாடி முடித்தாள்.

ஐஸ்கிரீமும் கையுமாக நின்ற நாலைந்து அம்மாக்கள் கைதட்டினார்கள். படை அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரு பாட்டுக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா என்று பூரித்துப்போனாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தன்னை ஒரு பாடகி என்று நினைத்துக்கொண்டாள், பைத்தியக்காரப் பெண்.

கூடாரத்துக்குத் திரும்பாமல் நேராகப் படியிறங்கி, தடுப்புக் கயிற்றை நோக்கி ஓடினாள். "நவோரி! அங்கே எங்கே போறே? இப்படி வா!" என்று மேனேஜர் பின்னால் ஓடிவந்தது அவள் காதில் ஏறவில்லை.

"ஹிராகா சான், ரொம்ப ரொம்ப நன்றி! ஒரு சின்ன சத்தம் கூடப் போடாம கேட்டீங்களே. என் கடுதாசிக்கு இவ்வளவு மதிப்பு குடுப்பீங்கன்னு நெனைக்கவே இல்ல."

ஹிராகா அவசரமாக எழுந்தான். தலைக்கட்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, இடுப்பு வளைய வணங்கினான். நல்ல பையன், பொய் சொல்லத் தெரியாதவன்.

"எந்தக் கடுதாசிங்க?"

"இந்தப் பாட்டுக்கு மட்டும் கத்த வேணாம்னு எழுதியிருந்தேனே... சார் கிட்ட குடுத்தனுப்பினேனே?"

அவன் அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்ற மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கணும் நவோரி சான்" என்றான் ஹிராகா, மறுபடி குனிந்து. "போன வாரமே சார் எங்களை ரூரிக்கு மாத்திட்டாரு. வேற பாடகிக்கு நாங்க சத்தம் போடறதில்லீங்க."