டிராகனுக்கு ஒரே வெட்டு

"இந்தக் கம்ப்யூட்டரை நாளைக்கே பழைய இரும்புக்காரன்கிட்ட தூக்கிப் போடல, என் பேரு எழிலரசி இல்ல!"

அடுக்களையிலிருந்து வந்த அம்மாவின் குரலுக்கு வர்ஷா தலையைக்கூடத் தூக்கவில்லை. மூணு வாரமாக வீட்டில் தினமும் இதே பாட்டுதான்.

கூடத்தில் அப்பா கிருபாகரன் கம்ப்யூட்டருக்குள்ளேயே விழுந்துவிடுகிற மாதிரி குனிந்திருந்தார். காலேஜ் நாளில் அவரும் பாடியில் இருக்கும் சிநேகிதர் முகமது ஆசிக்கும் மாறி மாறி விளையாடின பழைய கேம். கையில் வாளோடு ஒரு வீரன், கூட ஒரு மந்திரவாதி, குகைக்குள்ளே ஒரு டிராகன். எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். வீரனுக்கு மூக்கு எது, மீசை எது என்று சத்தியமாகத் தெரியாது.

"இப்ப வர்றதெல்லாம் ஒரு கேமா? எங்க போகணும்னு அம்புக்குறி போட்டுக் காட்டுறான். எங்க காலத்துல நாமளே தேடணும், நாமளே சாவணும்!" என்றார் அப்பா.

"அதான் நல்லா சாவுறீங்களே! பால் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லி அரை மணி ஆச்சு."

வர்ஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பாவின் கம்பெனிக்குப் புது மெஷின் வந்திருந்தது. "சார், இது உங்களுக்கு வராது, விடுங்க" என்று புது மேனேஜர் எல்லார் முன்னாடியும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா பேச்சையே குறைத்துக்கொண்டார். "இனிமே எனக்கு எதுவும் வராதும்மா" என்று ஒருநாள் அவளிடம் சொன்னார்.

ஆசிக் அங்கிள் எங்கேயோ தேடிப் பிடித்து இந்தக் கேமை அனுப்பினார். அதற்கப்புறம்தான் மனுஷர் வாயைத் திறந்தார்.

ஆனால் அந்த டிராகன் இருக்கிறதே, படுபாவி! பதினெட்டு தடவை அவரை அடித்துப் போட்டது.

"இதுவும் வரல" என்று முனக ஆரம்பித்தார் அப்பா.

அதனால்தான் வர்ஷா அந்தத் திருட்டு வேலையில் இறங்கினாள். காலேஜ் விட்டு பட்டாபிராமில் ரயில் இறங்கி வந்ததும், அம்மா குட்டித்தூக்கம் போடும் நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரைத் திறப்பாள். அப்பாவின் வீரனைச் சுடுகாட்டுக்கு ஓட்டிப் போய் எலும்புக்கூடுகளை அடிப்பாள். அடிக்க அடிக்கப் புள்ளி சேரும், வீரனுக்குப் பலம் ஏறும். மூலையில் இருக்கும் அந்தப் பொடி எண், கண்ணாடி போட்டாலும் அப்பாவுக்குத் தெரியாது.

கஷ்டப்பட்டுப் பதினாலு வரைக்கும் ஏற்றினாள். டிராகனைச் சாய்க்கக் குறைந்தது இருபது வேண்டும். அதற்குள் பரீட்சை வந்துவிட்டது. ஒரு வாரமாகக் கம்ப்யூட்டர் பக்கமே போக முடியவில்லை. இன்றைக்கும் அப்பா தோற்கப் போகிறார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய்! எழில்! வர்ஷா! ஓடியாங்க!"

ஓடிப் போய்ப் பார்த்தாள். டிராகன் மல்லாந்து கிடந்தது.

அப்பா நாற்காலியில் இல்லை. கூடத்தில் குதித்துக்கொண்டிருந்தார். போனில் ஆசிக்.

"மச்சான், ஒரே வெட்டுடா! அம்மா சத்தியமா ஒரே வெட்டு! யார் தயவும் இல்லாம! கை மறக்கல மச்சான்! நாளைக்கு அந்த மெஷினையும் ஒரு கை பாத்துடறேன்."

எத்தனை நாளாயிற்று அவர் இப்படிச் சிரித்து! வர்ஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு திரையின் மூலையைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பலம், நாற்பத்தொன்று!

நேராக அடுக்களைக்குப் போனாள். அம்மா ஒன்றும் தெரியாதவளாட்டம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் பதினாலுலதானே விட்டேன்... எப்படிம்மா?"

அம்மா கூடத்தை ஒருதரம் எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"படிச்ச பொண்ணுதானேடி நீ? எலும்புக்கூட்டை அடிச்சா மூணுதான் தர்றான். ஆத்தங்கரைத் தவளையை அடி, ஒண்ணுக்குப் பத்து!"